அப்பாவின் சைரனுக்கு ஓர் அட்டை

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் வாலு எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உன் முதுகுவலி தேவலையா? சரி, நலம் விசாரித்தாயிற்று. மூன்று நாளாக எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாலை இரண்டு முறை பொங்கவிட்டேன். உனக்கென்ன பேய் பிடித்திருக்கிறதா என்று உன் மாப்பிள்ளை கேட்கிறார்.

நம் தெருவுக்கு மீட்டர் கணக்கெடுக்க வருவாரே, அவர் ஓய்வு பெற்றதும் தன் வீட்டு மாடியில் இரண்டு அறையை ஊர் அருங்காட்சியகமாக ஆக்கியிருக்கிறார். சினிமாக் கொட்டகை டிக்கெட் இயந்திரம், பள்ளிக்கூட மணி, துருப்பிடித்த பூட்டுகள். ஒவ்வொன்றுக்கும் அவர் கையாலேயே எழுதிய அட்டை. சும்மா பார்க்கத்தான் போனேன்.

இரண்டாவது அறையில் ஜன்னலோரம், ஆற்றங்கரைக் காவலில் அப்பா சுற்றிய வெள்ளச் சைரன்! அம்மா சொல்லுவாளே, அதே கைப்பிடி, அதே பச்சைப் பெயின்ட். அட்டையில், "வெள்ளம் வந்த அன்று காவலாளி இடத்தை விட்டுப் போய்விட்டதால் இது ஒலிக்கவில்லை. நான்கு பேர் இறந்தனர்" என்று இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கைப்பிடியைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டேன். அது போட்ட ஊளையில் மனிதர் சாப்பிட்ட கையோடு ஓடிவந்தார்.

சண்டை போட்டேன். பாவம், அவர் கோபிக்கவே இல்லை. ஆனால் கேட்ட கதையை வைத்து அட்டையை மாற்றமாட்டாராம். "நேர்ல இருந்தவங்க கையெழுத்துப் போட்டுக் குடுக்கட்டும்மா, பழசைக் கிழிச்சிட்டு அதை வைக்கறேன்" என்றார். நான் அன்று தொட்டிலில் கிடந்தேன் என்றதும் உதட்டைப் பிதுக்கிவிட்டார். அடுத்த மாதம் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிவருகிறார்கள். என் சின்னவளும் வருகிறாள். தாத்தாவைப் பற்றி அவள் இதைத்தான் படிக்கவேண்டுமா?

அண்ணா, எனக்குத் தெரியும். அம்மா படுக்கையில் கிடந்தபோது சொல்லிவிட்டாள். ஆற்று மணல்மேட்டுக்கு விளையாடப் போன உன்னைத் தேடித்தான் அப்பா ஓடினார். உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு வருவதற்குள் தண்ணீர் தெருவுக்குள் வந்துவிட்டது. எங்கே போனாய் என்று விசாரணையில் எத்தனை முறை கேட்டும் அவர் வாயைத் திறக்கவில்லையாம். ஒன்பது வயதுப் பிள்ளை மேல் ஊரே பாய்ந்துவிடும் என்ற பயம். வேலை போயிற்று. அப்போதும் பேசவில்லை. அப்பாவின் காரியம் முடிந்த கையோடு போனவன் நீ ஏன் திரும்பிப் பார்க்கவில்லை என்பது எனக்கு அம்மா இதைச் சொன்ன பிறகுதான் புரிந்தது. உன் மேல் கோபம் இல்லை. இருந்தது, பொய் சொல்லமாட்டேன். இப்போது இல்லை.

இதோடு ஓர் அட்டை வைத்திருக்கிறேன். "காவலாளி தன் மகனைத் தேடிப் போயிருந்தார்" என்று நானே எழுதிவிட்டேன். கீழே உன் பெயருக்கு இடம் விட்டிருக்கிறேன். போனதற்காக அப்பா ஒரு நாளும் வருத்தப்படவில்லை, அதையும் அம்மா சொன்னாள்.

நீ நன்றாக இருக்கவேண்டும். கையெழுத்துப் போட்டுத் தபாலில் அனுப்பு. அல்லது நீயே எடுத்துக்கொண்டு வா. அன்று அப்பா உன்னைத் தூக்கிக்கொண்டு வந்தாரே, அதே வீட்டில்தான் நான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் வாலு