டைனமோவில் மூன்று பொட்டு

19.10.81 திங்கள்

மழை. விடியவே கார் துடைத்தேன். எஞ்சின் மூடியான பொனற்றைத் திறந்து ஈரம் ஒற்றும்போது கண்டது: பற்றரி ஏற்றும் டைனமோவின் அடியில் பொட்டு இல்லை.

விசயதசமிக்கு நான் வைத்தது. எஞ்சின் சூட்டில் குங்குமம் உதிர்ந்துவிடும் என்று, கலியாணம் கட்டிப் போன அக்கா விட்டுச்சென்ற சிவப்புக் கியூட்டெக்ஸ் நகப்பூச்சால் மூன்று பொட்டு. நடுப்பொட்டு வைக்கும்போது அப்பா பகிடிக்கு ஹோர்ன் அடித்தார். கை இழுபட்டு அதற்கு வால் முளைத்துவிட்டது. குனிந்து கழுத்தைத் திருப்பினால்தான் தெரியும்.

அப்பாவிடம் சொன்னேன். "மழைக்கு அழிஞ்சிருக்கும் பிள்ளை."

மழைக்கா? அதே கியூட்டெக்ஸ் என் நகத்தில் அப்படியே இருக்கிறது.

போன கிழமை பிரேக் வேலைக்கு மெக்கானிக் நவத்தின் கராச்சில் நின்ற கார். வந்ததிலிருந்து ஓடும்போதும் சிவப்பு விளக்கு அணைவதில்லை, பற்றரி ஏறுவதில்லை. தினமும் நான் தள்ளித்தான் ஸ்ரார்ட். அம்மாவின் காப்பை விற்று வாங்கிய புது டைனமோ அது.

தேயிலை முடிந்தது. உடுப்புக்குப் போடும் நீலமும்.

20.10.81 செவ்வாய்

நேற்று அப்பாவுக்குப் பூநகரிக்கு வாடகை ஓட்டம், ஹயர். பொம்பிளை பார்க்கப் போன ஆட்கள். திரும்பும்போது லைற் மங்கி, வயல்வெளி நடுவே கார் நின்றுவிட்டது. பட்டுச்சேலைக்காரர்கள் சேற்றில் இறங்கித் தள்ளினார்களாம். அப்பா சாப்பிடவில்லை.

இன்று கூட்டுறவுச் சங்கக் கடையில் ஒருவர் என் காதுபடவே அப்பாவைப் பகிடி பண்ணினார்: "சிவத்தாற்றை காரிலை போறதெண்டால் வடிவாச் சாப்பிட்டிட்டுப் போங்கோ. பாதி வழி தள்ளவேணும்."

எல்லோரும் சிரித்தார்கள். நவமும். அவன்தான் பலமாக. பிறகு சொன்னான்: "நானும் ஒரு கார் எடுத்திருக்கிறன். இனி ஹயருக்கு என்னட்டை வரலாம்."

எங்கள் டைனமோ எங்கே போனதென்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. சீனிப் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வந்துவிட்டேன். ஒரு சொல் வரவில்லை. வாத்தியார் கேள்வி கேட்டாலும் இப்படித்தான். அதனால்தானே எட்டாம் வகுப்போடு நின்றேன்.

21.10.81 புதன்

அப்பாவிடம் நேரே சொன்னேன், நவம்தான் எங்கள் புது டைனமோவைக் கழற்றிப் பழையதை மாற்றிப் போட்டான் என்று.

"வாயை மூடு. உவனோடை சண்டை கொழுவிப்போட்டு நாளைக்குக் கார் நிண்டால் ஆரிட்டைக் கொண்டு போறது? வேறை கராச்சுக்குக் கனகராயன்குளம் வரைக்கும் தள்ளுவியோ?"

"தள்ளுவன்."

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார்.

நல்ல மெக்கானிக் வேண்டும் என்று அம்மா நேர்த்தி வைத்திருக்கிறா. மாப்பிள்ளைக்கு வைப்பதுபோல.

நவத்துக்கு என்ன செய்யலாம்:
பெற்றோல் ராங்கில் மணல். (ராங்குக்குப் பூட்டு இருக்கிறது.)
சீனி. (கியூவில் நின்று வாங்கிய சீனி அவனுக்கா!)
ரயரில் ஆணி. (தானே ஒட்டிக்கொள்வான்.)
கால் முறிய வேண்டும் என்று பிள்ளையாரிடம் கேட்பது. (கேட்டாயிற்று.)

ஆட்டுக்குக் குழை இல்லை. வெட்ட வேண்டும்.

22.10.81 வியாழன்

மழை விட்டது. பொழுதுபட நவம் தன் காரில் வந்தான். லைற் வெளிச்சம் படலையைத் தாண்டிக் குசினிச் சுவர்வரை. அதன் முன் எங்கள் கார் லைற் ஒரு மெழுகுதிரி.

"அண்ணை, உந்தக் கிழட்டுக் காரை ஏன் வைச்சு மாரடிக்கிறியள்? குடுக்கிற யோசினையெண்டால் சொல்லுங்கோ. உதிரிச் சாமானுக்கெண்டாலும் எடுப்பன்."

"பாப்பம் தம்பி," என்றார் அப்பா. தம்பியாம்.

தேத்தண்ணி கொடுத்தேன். சீனி போடவில்லை. முகம் சுளித்துக் குடித்தான். ஒரு சொட்டுச் சந்தோசம்.

"நாளைக்குப் பிள்ளையார் கோயிலிலை என்ர காருக்குப் பூசை. வாங்கோ. உங்கடை காருக்குப் பிள்ளைதானாம் பொட்டு வைக்கிறது. என்ர காருக்கும் வைக்கட்டன், கன்னிப்பிள்ளையின்ர கைராசி." என்னைப் பார்த்துச் சிரித்தான். "பாவம், வாய் திறவாத பிள்ளை."

நான் தலையாட்டினேன். நன்றாக ஆட்டினேன்.

23.10.81 வெள்ளி

வெயில். முழுகிவிட்டுத் தலை காயாமலே போனோம். எங்கள் காரை வழக்கம்போல் தள்ளி. அம்மா வரவில்லை, காய்ச்சல்.

நவத்தின் கார் மாலையோடு நின்றது. நான்கு சில்லின் கீழும் எலுமிச்சங்காய். சங்கக் கடைக்காரர், அவருடைய பெண்சாதி, எங்கள் வட்டக்கச்சி ஆட்கள் பாதிப்பேர். ஐயர் சூடம் காட்டிவிட்டுத் தட்டை என் கையில் தந்தார். நவமே பொனற்றைத் தூக்கிப் பிடித்தான்.

ரேடியேற்றருக்குச் சந்தனம் வைத்தேன். பற்றரிக்கு வைத்தேன். டைனமோவின் அடியில் விரலை விட்டேன். காய்ந்த கியூட்டெக்ஸ் தட்டுப்பட்டது. ஒன்று, வாலோடு ஒன்று, இன்னொன்று.

விரலை அங்கேயே வைத்திருந்தேன்.

"என்ன பிள்ளை, எஞ்சினைக் கண்டும் வெக்கமோ?" நவம்தான். கூட்டம் சிரித்தது.

அந்தச் சிரிப்பு. கடையில் கேட்ட அதே சிரிப்பு.

"அப்பா!" என்றேன். எனக்கே என் குரல் தெரியவில்லை. "உதுக்கடியிலை மூண்டு சிவப்புப் பொட்டு இருக்கு. நடுவிலை உள்ளதுக்கு வால். நீங்கள் ஹோர்ன் அடிக்க இழுபட்டது. நான் இன்னும் குனிஞ்சு பாக்கேல்லை. நீங்கள் பாருங்கோ."

ஒருவரும் சிரிக்கவில்லை. அப்பா தோய்த்த வேட்டியோடு ஈரமணலில் முழந்தாளிட்டார். கழுத்தைத் திருப்பி நெடுநேரம் பார்த்தார். எழும்பினார்.

கடைக்காரரும் குனிந்து பார்த்தார். "ஓம், வால் இருக்கு," என்றார் மெதுவாக.

நவம் பொனற்றை விடாமல் அப்பாவின் காதோடு பேசினான். எனக்குக் கேட்டது. "அண்ணை, யோசிச்சுக் கதையுங்கோ. நாளைக்குக் கார் நிண்டால் என்னட்டைத்தானே வரவேணும்?"

அப்பா நிலத்தைப் பார்த்தார்.

நான் தட்டை ஐயரிடம் கொடுத்தேன். எங்கள் கார் சீற்றின் கீழ் கிடந்த ஸ்பனரை எடுத்து வந்து, பாவாடையைச் செருகிக்கொண்டு, எங்கள் டைனமோவின் முதல் நட்டைக் கழற்றினேன்.