தூரத்தை வெட்டிய ஒரு வரி

அன்புள்ள நெட்டைக்கு,

நலமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. இரண்டு வருஷமாக நீயும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. ஆராய்ச்சியை விட்டுவிட்டு உன் மாமாவின் மருந்துக் கடையில் உட்கார்ந்திருக்கிறாய் என்று உன் தங்கை சொன்னாள். மாத்திரை அட்டை வெட்டுகிற கையா அது?

இங்கே எல்லாம் அப்படியேதான். கணினி அறைக் கூரை இன்னும் ஒழுகுகிறது; கீழே வாளி வைத்திருக்கிறோம். உன் மேஜையில் பிரிண்டரை வைத்துவிட்டார்கள்.

சுற்றி வளைத்தால் சொல்லவே மாட்டேன். வெப்பம், துகள் எண்ணிக்கை, கன அளவு மூன்றையும் கட்டிப்போடாமல் திறந்துவிட்டாலும் ஒரு துகள் தொகுதி சிதறாமல் நிலைத்து நிற்கும், எவ்வளவு தூரத்துத் துகளும் ஒன்றையொன்று பாதிக்குமானால், என்று நீ நிறுவினாய். அதைச் சோதிக்கும் நிரலை எழுதியவள் நான். அதில் உன் தொகுதி நிற்கவில்லை, சிதறிப்போனது. "கம்ப்யூட்டர் பொய் சொல்லுமாப்பா?" என்று பேராசிரியர் எல்லார் முன்னாலும் உன்னைக் கேட்டார். மறுநாள் நீ அறையைக் காலி செய்தாய்.

பொய் சொன்னது என் நிரல்தான். சீக்கிரம் ஓடட்டும் என்று, குறிப்பிட்ட தூரத்துக்கு அப்பால் உள்ள துகள்களைக் கணக்கில் சேர்க்காதே என்று ஒரு வரி போட்டிருந்தேன். சாதாரண வாயுவுக்கு எல்லாரும் செய்வதுதான். ஆனால் உன் கோட்பாடே அந்தத் தூரம்தானே, அறிவுகெட்டவள் நான்! அன்றே ஒரு தடவை சரிபார்த்திருக்கலாம். என் ஆய்வேட்டுக்கு நாள் நெருங்கியிருந்தது, பார்க்கவில்லை. இதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

போன வாரம் வேறு வேலைக்காகத் திறந்தபோது அந்த வரி கண்ணில் பட்டது. எடுத்துவிட்டு ஓட்டினேன். நான்கு நாள் ஓடியது. நிற்கிறதடா, நீ சொன்ன அளவிலேயே நிற்கிறது. கழிவறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

பேராசிரியரிடம் சொன்னதற்கு, "போனது போகட்டும்மா, உன் பட்டத்துக்கு நீயே வேட்டு வெச்சுக்காத" என்றார். அந்த நிரலை வைத்து வாங்கிய பட்டம்தான் அது. ஆய்வுக் குழுவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். பறித்தால் பறிக்கட்டும்.

உன் ஆராய்ச்சிப் பதிவு இந்த மாதக் கடைசியோடு காலாவதியாகிறது. நீட்டிக்கச் சொல்லும் மனுவை நிரப்பி இத்துடன் வைத்திருக்கிறேன். உன் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு முகமில்லை. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. கையெழுத்துப் போட்டுவிட்டுத் திட்டு.

இப்படிக்கு,
உன் பிழைப்பில் மண் போட்ட
குள்ளச்சி