தொப்புள் இல்லாத பதினான்காம் நம்பர்

9 நவம்பர், ஞாயிறு

காலையிலிருந்து மூடாக்கு. மழை வருவது போல இருந்து, வரவில்லை. தண்ணீர் விடும் நாள். நிற்பதற்குள் கோலிகளைக் கழுவியாக வேண்டும். வெதுவெதுப்பான நீர், ஒரு சொட்டு ஷாம்பு, பழைய பல் பிரஷ். அவ்வளவுதான்.

மூன்று மணிக்குக் கோலி சேகரிப்பவர்கள் கூட்டம், எங்கள் ஹாலில். ஆறு பேர். முறுக்கு மிச்சம், டீ போதவில்லை.

புதியவர்களுக்காக மறுபடி சொன்னேன். பழைய கைவேலைக் கோலியைக் கண்ணாடிக் கம்பியிலிருந்து நறுக்கி எடுப்பார்கள். நறுக்கிய இரண்டு முனையிலும் ஒரு சொரசொரப்பு நின்றுவிடும். அதை நாங்கள் தொப்புள் என்போம். மெஷின் கோலிக்குக் கிடையாது. எல்லோரும் பெருவிரலால் தடவிப் பார்த்தார்கள். பேச்சு மும்முரத்தில் அடுப்பில் வைத்த பாலை மறந்துவிட்டேன். சாந்தாமணியக்கா எழுந்து போய்ப் பார்த்துக்கொண்டார்.

அக்காவுக்கு இது இரண்டாவது கூட்டம். செல்வபுரத்தில் வீட்டிலேயே நகைக் கல்லுக்குப் பட்டை தீட்டுகிறவர். தையல் கடையில் பழக்கம். நான்தான் கூட்டி வந்தேன். நாற்பது வயதுக்கு மேல் எனக்குக் கிடைத்த ஒரே சிநேகிதி.

என் கோலிகளில் பதினான்காம் நம்பரை வீட்டுக்குக் கொண்டுபோய் மகளுக்குக் காட்டட்டுமா என்று கேட்டார். எங்கள் விதி: கோலி கைக்குக் கை மாறாது. ஒருவர் துணியில் வைக்க வேண்டும், மற்றவர் எடுக்க வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோகிற பேச்சே இல்லை. விதி போட்டது நான். நானே அவர் உள்ளங்கையில் வைத்தேன். உள்ளே நீலமாக ஏதோ ஓடுகிறது, மேலே மங்கிக் கிடப்பதால் எவ்வளவு கழுவினாலும் தெரிவதில்லை என்று குறை வேறு சொன்னேன்.

13 நவம்பர், வியாழன்

நான் வேலை பார்க்கும் கல்லூரி லேபில் பரீட்சை. காலேஜ் பஸ் லேட். வாங்க: கொத்தமல்லி, மின்சார பல்பு, அவருக்கு மாத்திரை.

மாலை அக்கா வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. கையில் மடித்த காகிதப் பொட்டலம்.

"கண்ண மூடிக்க அம்மணி."

கையை நீட்டினேன். வழவழப்பாக ஒன்று விழுந்தது. கண் திறந்தால் தண்ணீர்த் துளி போல ஒரு கோலிக்குண்டு. உள்ளே நீலப் புரி, அதன் நடுவில் சிவப்பு நூல் ஒன்று.

"ரெண்டு நாள் உக்காந்து தேச்சேன். ரெண்டு பக்கமும் காயமாட்ட இருந்துச்சு பாரு, அதையும் ஆத்திப்போட்டேன்."

நன்றாக இருக்கிறது என்றேன். காபி போட்டேன். சர்க்கரை போட்டேனா என்று நினைவில்லை. அக்கா குடித்துவிட்டுப் போனார்.

தொப்புள் இரண்டும் இல்லை.

14 நவம்பர், வெள்ளி

லேப் தராசில் வைத்தேன். என் நோட்டில் பதினான்கு: 10.42 கிராம், நீலம், மங்கல், தொப்புள் இரண்டு. இப்போது 9.41. தேய்த்தால் குறையும்தான். அளவும் குறையும்தான். அப்படியானால் நான் எழுதி வைத்ததெல்லாம் மேல்தோலை மட்டுமா? சிவப்பு நூலை நான் பார்த்ததே இல்லை.

உக்கடத்துப் பழைய சாமான் கடையில் ஒரு டப்பா பித்தானோடு வந்தது அது. என்னிடம் இருப்பதில் சந்தேகமே இல்லாத கைவேலை அது ஒன்றுதான். மற்றதெல்லாம் "இருக்கலாம்".

வீட்டுக்காரர்: "எனக்குப் பல்லு விழுந்தப்பக்கூட நீ இப்படி எடை போட்டுப் பாக்கலையே."

கோபம் வருகிறது. யார் மேல் என்று தெரியவில்லை. ரெண்டு நாள் உட்கார்ந்தாராம். எனக்காக யாரும் ரெண்டு நாள் உட்கார்ந்ததில்லை.

16 நவம்பர், ஞாயிறு

தூறல். துணி காயவில்லை.

ரங்கசாமி சார் போன். மில்லில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் குழுவில் மூத்தவர். பதினான்கின் போட்டோ கேட்டார். சொல்லக் கூடாது என்று இருந்தேன், சொல்லிவிட்டேன்.

"ஏனுங்க, அது உங்க குண்டுதான்னு என்னங்க நிச்சயம்?"

அப்படியெல்லாம் இருக்காது என்றேன்.

"தொப்புளும் இல்லீங்கறீங்க, எடையும் இல்லீங்கறீங்க. எம்பட பீரோல இருக்கற ஒண்ணத் தேச்சுக் குடுத்தாலும் வாங்கி வெச்சுக்குவீங்களாட்ட இருக்குது."

அடுத்த கூட்டத்தில் அவரே அக்காவிடம் கேட்டுவிடுகிறாராம், எல்லோர் முன்னாலும். வேண்டாம் என்றேன். அழுத்திச் சொன்னேனா? சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

19 நவம்பர், புதன்

அக்கா மூன்று தடவை கூப்பிட்டார். எடுக்கவில்லை. பிறகு, பஸ்ஸில் இருந்தேன் என்று மெசேஜ். பொய்.

ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். நீலப் புரி இடப்பக்கமாகச் சுற்றுகிறது. என்னுடையது எப்படிச் சுற்றியது? ஞாபகமே இல்லை. எட்டு வருஷம் வைத்திருந்தேன்.

மாற்றியிருப்பாரா? மாற்ற வேண்டும் என்றால் ரெண்டு நாள் தேய்ப்பானேன். தேய்த்ததே மறைக்கத்தானோ. ர. சார் குரலிலேயே யோசிக்கிறேன். சீ.

அழகாக இருக்கிறது வேறு. அதுதான் தாங்கவில்லை.

21 நவம்பர், வெள்ளி

கேஸ் சிலிண்டர் வந்தது. பில்லை வைக்க மேசை டிராயரைத் திறந்தால் அந்தப் பொட்டலக் காகிதம். நான்தான் அன்று உள்ளே போட்டிருக்கிறேன். மடிப்பின் உள்பக்கம் பென்சிலில், குட்டி எழுத்தில்:

அம்மணி கல்லு
வந்தது 52.10
போனது 47.05

கல் வேலைக்காரர்கள் காரட்டில்தான் எழுதுவார்கள். ஒரு கிராமுக்கு ஐந்து காரட். 10.42ஐ ஐந்தால் பெருக்கினேன். 52.10. இன்னொரு முறை பெருக்கினேன். 9.41க்கு 47.05. யாருக்கும் காட்டுவதற்காக எழுதியதில்லை. எந்தக் கல் வந்தாலும் அப்படித்தான் எழுதுவார் போல.

ஆக, என்னுடையதுதான். அக்கா மாற்றவில்லை.

நிம்மதியாக இருக்க வேண்டும். அழுகை வந்தது. மாற்றியிருந்தால் என் பதினான்கு எங்கேயோ தொப்புளோடு முழுசாக இருந்திருக்கும். இத்தனை நாளும் அதைத்தான் வேண்டிக்கொண்டிருந்தேனா? சிநேகிதி திருடியாக இருக்கட்டும், கோலி பிழைத்தால் போதும் என்றா?

இன்னொன்றும் இப்போதுதான் உறைத்தது. தொப்புளைப் பற்றி நான் சொன்னபோது அக்கா ஹாலில் இல்லை. என் பால் பொங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

23 நவம்பர், ஞாயிறு

வெயில், நல்ல வெயில். காலையிலேயே ர. சாருக்குப் போன் போட்டுக் காகிதத்தைப் பற்றிச் சொன்னேன். "அப்படீங்களா, சரிங்க" என்றார். உடனே அவர் வீட்டு வாழைக்குலை பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

அக்கா கூட்டத்துக்கு அரை மணி முன்னதாகவே வந்தார், டப்பாவில் இனிப்பு ஒப்புட்டோடு. ஏன் போன் எடுக்கவில்லை என்று கேட்கவில்லை. என்னோடு சேர்ந்து துணியை விரித்தார். ஒன்பதாம் நம்பரை எடுத்துப் பெருவிரலால் தடவினார்.

"இதுக்கும் காயம் இருக்குது பாரு. குடு அம்மணி, ஆத்திப்போட்டுத் தாரேன்."

சொல்லாமல் விட்டிருக்கலாம். ஒன்பது போய்விடும். பிறகு ஒவ்வொன்றாக. சொன்னேன். அது காயமில்லை அக்கா என்று ஆரம்பித்து, பால் அடுப்பில் இருந்த அன்று சொன்னதையெல்லாம். ஐந்து நாள் சந்தேகப்பட்டதை மட்டும் சொல்லவில்லை.

அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார். ஒன்பதை என் கையில் தரவில்லை. துணியில் வைத்தார்.

"அப்ப நான் கெடுத்துப்போட்டனுங்களா?"

இல்லை என்றேன். பிறகு ஆமாம் என்றேன்.

வெளியே ர. சார் ஸ்கூட்டர் நிற்கும் சத்தம். பதினான்கை எடுத்து அக்காவின் உள்ளங்கையில் வைத்தேன். அவர் விரலை மூடவும் இல்லை, திருப்பித் தரவும் இல்லை.