வலிக்காத கால்

12.1.2025, ஞாயிறு

பாடாங் செராய் பாசாருக்கு இரண்டு சிலிப்பரோடு போய் ஒன்றோடு திரும்பியிருக்கிறேன். வாசலில் என் மனைவி திலகா பார்த்துச் சிரித்த பிறகுதான் தெரிந்தது. "மத்த சிலிப்பர யாருக்குத் தானம் பண்ணிட்டு வரீங்க?" என்றாள். எங்கே கழன்றது, எவ்வளவு தூரம் ஒரு காலில் மட்டும் போட்டு நடந்தேன் – ஒன்றும் நினைவில்லை. மீன் விலையை யோசித்துக்கொண்டு வந்திருப்பேன். வயது ஐம்பத்தாறு. மூளை கழன்று விழுந்தாலும் இப்படித்தான் தெரியாமல் போகும்.

20.1.2025, திங்கள்

இனிப்புநீர் கிளினிக் தேதி. போகவில்லை. போனால் ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று பார்த்துவிட்டு, வெறுங்காலில் நடக்கக் கூடாது என்பார்கள். அவர்கள் சொல்லாத வரைக்கும் நான் மீறவில்லை அல்லவா? பள்ளிக்கூடத்தில் மூன்றாம் படிவத்தோடு நின்றவன்தான். இந்த அளவு சட்டம் தெரியும்.

போன வருஷம் கவின் மோட்டார் சைக்கிளில் விழுந்து காலை நொறுக்கிக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தான். என் மகன் எழுந்து நடந்தால் தைப்பூசத்துக்கு பாலிங்கிலிருந்து பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயில் வரை வெறுங்காலில் வருகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். பட்டர்வொர்த்திலிருந்து என்று வேண்டியிருக்கலாம், தூரம் குறைவு. பதற்றத்தில் வாயில் பாலிங் வந்துவிட்டது. முருகன் அதையே பிடித்துக்கொண்டான். கவின் நடக்கிறான்.

பெரியண்ணன் போன் பண்ணினார். "தம்பி, என் கால பாத்துட்டுமா நீ போற?" அவருக்கு முழங்காலுக்குக் கீழே பார்க்க ஒன்றும் இல்லை. இனிப்புநீர் கொண்டுபோய்விட்டது. எனக்குக் கால் போனால் ஃபேக்டரி வேனை யார் ஓட்டுவது? ஆனால் அவர் சாப்பாட்டில் கட்டுப்பாடு இல்லாதவர். நான் விரதத்தில் இருக்கிறேன். வித்தியாசம் உண்டு.

8.2.2025, சனி

குவாலா கெட்டில் கோயில் மண்டபம். எல்லாரும் காலைப் பிடித்துக்கொண்டு முனகுகிறார்கள். நான் எழுதுகிறேன்.

காலையில் பாலிங் கோயிலில் தேங்காய் உடைத்துக் கிளம்பினோம். மலை பாதிதான் தெரிந்தது, மீதி பனி. ரப்பர் மரங்களுக்கு நடுவே போகும்வரை பாதை குளிர்ச்சி. பாட்டுப் பாடிக்கொண்டு நடந்தோம். வெயில் ஏறியதும் பாட்டு நின்றது. தார் கொதித்தது. சாலையோரத்து வெள்ளைக் கோடு கொஞ்சம் சூடு குறைவாம். எல்லாரும் அதன் மேல் ஒருவர் பின்னால் ஒருவராக, எறும்பு மாதிரி. ஒரு கம்பத்தில், சின்னக் கிராமம்தான், மலாய்க்கார அம்மா ஒருவர் வீட்டு வாசலில் நின்று ஐஸ் தண்ணீர் கொடுத்தார். என் கூட்டாளி சத்தியசீலன் அதைக் குடிக்காமல் காலில் ஊற்றிக்கொண்டான்.

அப்போதுதான் என்னைக் கவனித்தான். நான் வெள்ளைக் கோட்டிலிருந்து விலகி, கறுப்புத் தாரில் நடந்துகொண்டிருந்தேன்.

"அண்ணே, ஒங்களுக்கு சுடலயா?"

"இல்லையே."

"நெசமாவா?"

"லேசா வெதுவெதுன்னு இருக்குலா."

அவன் போய் எல்லாரிடமும் சொல்லிவிட்டான். காளியம்மா என்ற அக்கா, என்னைவிடப் பெரியவர், குனிந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டார். "இது நீங்க நடக்கல தம்பி. முருகன் நடக்கிறான்." எனக்குக் கூச்சம். ஆனால் அதற்குப் பிறகு கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தித்தான் நடந்தேன், பொய் சொல்லக் கூடாது. பொங்கலன்று சமையல்கட்டில் வடை திருடித் தின்றவனுக்கு இவ்வளவு அருளா?

9.2.2025, ஞாயிறு

செம்பனைத் தோட்டத்துக்குள் குறுக்கு வழி. விழுந்த மட்டையெல்லாம் முள். ஆளாளுக்கு உட்கார்ந்து பிடுங்கினார்கள். நான் நின்று காத்திருந்தேன்.

பாடாங் செராயில் எங்கள் தண்ணீர்ப் பந்தலில் திலகா மோர் கொடுத்தாள். கவின் மோட்டாரில் கூடவே வருகிறான். என்னைத் தனியாகக் கூப்பிட்டான். "அப்பா, எனக்கு பிளேட் வச்ச காலு மழைக்கே வலிக்குது. ஒங்களுக்கு ஒன்னுமே இல்லயா? காட்டுங்க, பாக்கிறேன்."

"சாமி கால எல்லாம் பொரட்டிப் பாக்கக் கூடாதுடா," என்றேன், பந்தல் முழுக்கக் கேட்கிற மாதிரி.

எல்லாரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

11.2.2025, தைப்பூசம்

மலை ஏறினேன். கும்பிட்டேன். கடன் தீர்ந்தது. சத்தியசீலனை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்தார்கள்.

13.2.2025, வியாழன்

வீட்டுத் தரையெல்லாம் பழுப்புப் பழுப்பாகப் பொட்டு. யார் குழம்பைச் சிந்தியது என்று கவினைத் திட்டினேன். திலகா துணியோடு துடைத்துக்கொண்டே வந்தாள். சமையல்கட்டிலிருந்து கூடம், கூடத்திலிருந்து டிவி. பொட்டுகள் என் நாற்காலியில் வந்து நின்றன.

அவள் என் வலது காலைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு கவினைக் கூப்பிட்டாள்.

14.2.2025, வெள்ளி

ஆஸ்பத்திரி. பாதத்துக்குள்ளே செம்பனை முள், விரற்கடை நீளம். அதன் மேலேயே மலை ஏறி இறங்கியிருக்கிறேன். சுற்றிலும் கறுத்துவிட்டது.

டாக்டர் சின்னப் பெண், தமிழ்ப் பிள்ளை. கண்ணை மூடச் சொன்னார். தூண்டில் நரம்பு மாதிரி ஒன்றை வைத்திருந்தார். "கால்ல தொடுவேன். தொடும்போது தொடும்போது சொல்லுங்க அங்கிள்."

மூடினேன். காத்திருந்தேன். பக்கத்தில் திலகா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. எதற்கு அழுகிறாள்? இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே.

"தொடங்கலாம் டாக்டர்," என்றேன்.

"முடிஞ்சிருச்சு அங்கிள்."

26.2.2025

சுண்டு விரலும் அதற்கு அடுத்ததும் போய்விட்டன. பாதம் தப்பித்தது.

3.3.2025

காளியம்மா அக்கா பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். கட்டுப் போட்ட காலைப் பார்த்தார். பழப் பையைத் திலகாவிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். பெரியண்ணனும் வந்தார். "எட்டு விரலு பாக்கி இருக்கில்ல? நீ பணக்காரன்டா," என்றார்.

18.6.2025

யாரும் இல்லாத நேரம் வேனில் ஏறி உட்கார்ந்தேன். பிரேக்கை மிதித்தேன். மிதித்தேனா? குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். பத்து பெண்கள் ஏறுகிற வேன்.

சாவியை கவினிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான்.

30.1.2026, வெள்ளி

பாலிங் ஆட்கள் இன்று பாடாங் செராய் வந்தார்கள். நான் பந்தலில், நாற்காலி போட்டு. திலகா மோரை ஊற்றித் தர, நான் எடுத்துக் கொடுக்கிறேன். கொடுக்கும் முன்னால் ஒரு கேள்வி.

"வலிக்குதா?"

"வலிக்காம? என்ன கேள்விலா இது," என்று ஒரு பையன் முறைத்தான். அவனுக்குக் கொடுத்தேன். சத்தியசீலன் கண்ணில் தண்ணீரோடு வந்தான், "இந்த வருஷம் செத்தேன் அண்ணே." அவனுக்கு இரண்டு கிளாஸ்.

பிறகு ஒருவர். என் வயது இருக்கும், தொப்பையும் என் அளவு. எல்லாரும் வெள்ளைக் கோட்டில் வர, அவர் மட்டும் கறுப்பில், சிரித்துக்கொண்டே.

"வலிக்குதா?"

"ஒன்னுமே தெரியல அண்ணே. எல்லாம் முருகன் அருள்."

கிளாஸைத் திலகாவிடம் திருப்பிக் கொடுத்தேன். எழுந்து நாற்காலியை அவர் பக்கம் தள்ளினேன். "உக்காருங்க. கால காட்டுங்க."

"ஐயோ, வேணாம் அண்ணே. காலெல்லாம் அழுக்கு."

என் வலது சப்பாத்தைக் கழற்றி, மூன்று விரல் காலைக் காட்டினேன்.

குனிந்து பார்த்தார். பிறகு உட்கார்ந்து, காலைத் தூக்கினார்.