வைக்கோலுக்குள் நிற்கும் காளை

மைல்ஸ் சிட்டி, மொன்டானா
20 பிப்ரவரி 1952

அன்புள்ள வெர்னா அக்கா,

இல்லை, நீ கேட்ட கன்றின் தாய்க்குப் பால் குறைவில்லை. மடி நிறைய இருக்கிறது. கன்றுதான் வளரவில்லை. நெற்றி புடைத்து, வயிறு ஊதி, கால்கள் என் முழங்கை நீளம்தான். எனக்கும் டெல்மருக்கும் கல்யாணமானபோது அப்பா கொடுத்த பசுக்களில் ஒன்று ஈன்றது. நீயும் அத்தானும் எங்களுக்கு விற்ற காளைக்குப் பிறந்த முதல் கன்று.

டெல்மர் தொழுவ வாசலில் நின்று பார்த்தார். "கண்காட்சி நடுவருங்களுக்குக் குட்டைதானே பிடிக்கும்? இதைக் கூட்டிட்டுப் போனா கோப்பை நமக்குத்தான்" என்றார். சொல்லிவிட்டுச் சிரிக்கவில்லை.

உங்கள் ஏப்ரல் விற்பனைப் பட்டியல் கிடைத்தது. அட்டையில் எங்கள் காளையின் தம்பி. கால் தெரியாமல் காளை இன்னும் குட்டையாகத் தோன்ற வைக்கோல் பரப்பியது நீதானே? அப்பா படம் எடுக்கும்போது நாம் இருவரும் பரப்புவோமே, அதே மாதிரி இருந்தது.

இன்னும் இருபது பசுக்கள் ஈன வேண்டும். என்ன செய்வது என்று அத்தானிடம் கேட்டு எழுது.

உன் ஆர்லீன்


வாலன்டைன், நெப்ராஸ்கா
27 பிப்ரவரி

அன்பான ஆர்லீனுக்கு,

பனி போய்விட்டது, காற்று போகவில்லை. ஜன்னல் விளிம்பெல்லாம் மணல். அட்டையில் இருக்கும் காளைக்குக் கண்காட்சியில் முதல் பரிசு. நடுவர் அதன் முதுகில் உள்ளங்கையை வைத்து, "மேசை மாதிரி இருக்கு. இறைச்சிக்காரனுக்கு வேற என்ன வேணும்?" என்றாராம். அத்தான் அதை இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கன்றைப் பற்றிக் கவலைப்படாதே. உங்கள் பக்கத்து மண்ணில் ஏதோ சத்துக் குறைவு. மாட்டு டாக்டரைக் கூப்பிட வேண்டாம். அந்தக் குறட்டை மூச்சோடு அது அதிக நாள் இருக்காது. கஷ்டப்பட விடாதே. வேலையாட்கள் பார்ப்பதற்கு முன் புதைத்துவிடு. ஆழமாக.

நீ எழுதும் கடிதங்கள் வரவரச் சின்னதாகின்றன. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் வெர்னா


மைல்ஸ் சிட்டி
16 மார்ச்

அக்கா,

மூச்சைப் பற்றி நான் எழுதவே இல்லை.

இப்போது மூன்று. முதல் இரண்டையும் நீ சொன்னபடி புதைத்தேன். மூன்றாவதை விட்டுவைத்திருக்கிறேன். அது மூச்சு விடும் சத்தம் சமையலறை வரை வருகிறது.

டெல்மர் பல்கலைக்கழகத்திலிருந்து ஒருவரை அழைத்து வந்தார். என்ன தீனி என்று அவர் கேட்கவில்லை. தகப்பன் யார், தாய் யார் என்றுதான் கேட்டார். தீவன மூட்டையின் மேல் கரியால் படம் போட்டுக் காட்டினார். இந்தக் குறையைத் தகப்பனும் தர வேண்டும், தாயும் தர வேண்டும். ஒருவர் மட்டும் தந்தால் கன்று நன்றாகவே இருக்கும். கொஞ்சம் குட்டை, கொஞ்சம் அகலம், அவ்வளவுதான்.

"அதைத்தாம்மா நாம பரிசு குடுத்துக் குடுத்து வளர்த்திருக்கோம்" என்றார்.

நிரப்பி அனுப்பச் சொல்லி அச்சடித்த பாரம் ஒன்று கொடுத்திருக்கிறார். காளை, பசு, வளர்த்தவர். எழுதினால் பெயர்கள் பட்டியலாக அச்சாகி எல்லா மாட்டுப் பண்ணைக்கும் போகும். கட்டாயமில்லை என்றார்.

உன்னைக் கேட்காமல் நிரப்ப மாட்டேன். அந்தக் குறட்டை மூச்சு உனக்கு எப்படித் தெரியும்?

ஆர்லீன்


வாலன்டைன்
24 மார்ச்

ஆர்லீன்,

பதினொரு கன்றுகள். நான்கு வருடங்களில்.

அத்தான் அடித்துக் கொல்வார். நான் புதைப்பேன். காற்றாலைக்குப் பின்னால் இருக்கும் மணல் பள்ளத்தில். இந்த வருடக் காற்று அதைத் திறந்துகொண்டே இருக்கிறது. நேற்று ஒரு மண்டையோடு, அந்த நெற்றியோடு, மேலே வந்துவிட்டது. வாளியில் மணல் அள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறேன். ஏப்ரல் பதினான்காம் தேதி விற்பனைக்கு வாங்க வருபவர்கள் லாரிகளை அங்கேதான் நிறுத்துவார்கள்.

அந்தக் காளையை உனக்கு விற்க வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். "வெளியாளுக்கு வித்தா மாடு வளர்ப்போர் சங்கத்துக்கு எழுதிடுவான். உன் தங்கச்சி எழுத மாட்டா" என்றார். மூக்கணாங்கயிற்றைப் பிடித்து உன் லாரியில் ஏற்றியது நான்தான். நீ என்னைக் கட்டிக்கொண்டாய்.

அந்த அச்சுப் பட்டியலில் பெயர் வந்தால் எங்கள் வாசல் பக்கம் ஒரு லாரியும் திரும்பாது. எங்களுக்கு வேறு எதுவும் தெரியாது. பாரத்தை அடுப்பில் போட்டுவிடு. போட்டேன் என்று ஒரே ஒரு வரி எழுது. அத்தான் தினமும் தபால் பெட்டி வரை நடந்து போய்த் திரும்பி வருகிறார்.

வெர்னா


மைல்ஸ் சிட்டி
2 ஏப்ரல்

அக்கா,

ஐந்தாகிவிட்டது. டெல்மர் இப்போது கேலி பேசுவதில்லை. உன் கடிதத்தில் என்ன என்று கேட்டார். காற்று என்றேன்.

உன் கடிதம் வந்த பிறகு பாரம் உப்பு ஜாடிக்கு அடியில் ஆறு நாள் கிடந்தது. காளை என்ற இடத்தில் உங்கள் காளையின் பெயரை எழுதினேன். வளர்த்தவர் என்ற இடத்தில் அத்தானுடையதை. பிறகு பசு என்ற இடம். அங்கே அப்பாவின் பண்ணைப் பெயர் வந்தது. உன்னைப் பற்றி எழுதுகிறேன் என்று நினைத்திருந்தேன். பாதிக் குறை நம் வீட்டிலிருந்து வந்தது. அப்பா உனக்குக் கொடுத்த பத்துப் பசுவும் எனக்குக் கொடுத்த பத்தும் ஒரே தொழுவத்தில் பிறந்தவை.

அத்தான் என்னைப் பற்றிச் சொன்னது ஒரு வருடம் உண்மையாகத்தான் இருந்தது. பதினான்காம் தேதி வாங்க வருபவர்களில் உனக்குத் தங்கை யாரும் இல்லை. உனக்காக அவர்கள் ஏமாற வேண்டியதில்லை.

மணல் அள்ளுவதை நிறுத்திவிடு. அங்கே இருக்க முடியாமல் போனால் இங்கே வா. நீ வரமாட்டாய் என்று தெரியும்.

இன்று காலை பாரத்தைத் தபாலில் சேர்த்தேன். திரும்பி வந்து மூன்றாவது கன்றுக்குப் புது வைக்கோல் போட்டேன், கால் மறையாத அளவுக்கு.

ஆர்லீன்