தொடர்ச்சி தேவையில்லை, பாவா

என் அன்புக்கும் சண்டைக்கும் உரிய பாவா,

ஜெயித்துவிட்டோம்! இதை முதலில் சொல்லாவிட்டால் நீங்கள் மேலே படிக்கமாட்டீர்கள். நம் கட்டுரையைக் கணித ஆய்விதழில் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். நீங்கள் எழுதிய தேற்றத்தில் ஒரு சொல்கூட மாறவில்லை.

அந்தக் கடைசிக் கருத்தரங்கு நினைவிருக்கிறதா? ஒரு கணிதக் குலத்திலிருந்து இன்னொரு குலத்துக்குப் போகும் சார்பு. பெருக்கலை மட்டும் காப்பாற்றும், வேறு எந்த ஒழுங்குக்கும், தொடர்ச்சிக்குக்கூட, உறுதி தராது. எண்கள் வரும் களம் முடிவில்லாததாக இருந்தால், நம் குலங்களில் அந்தச் சார்பும் தறிகெட்டுத் திரிய முடியாது, பல்லுறுப்புக் கோவைகளுக்குக் கட்டுப்பட்டே தீரும் என்றீர்கள். முன்வரிசைப் பேராசிரியர் சிரித்தார். "தொடர்ச்சின்னு ஒரு நிபந்தனையைச் சேர்த்துக்குங்க, பொழச்சுப் போகும்" என்றார். நீங்கள் சேர்க்கவில்லை. அப்புறம் அந்தப் பாழாய்ப்போன காய்ச்சல் வந்து உங்களைக் கொண்டுபோய்விட்டது.

நம்மை மடக்கியது ஒரே ஓர் எடுத்துக்காட்டுதான். ஒரு களத்து எண்களை இன்னொரு களத்துக்குக் கொண்டுபோகும் வழி ஒன்று அதற்குள் ஒளிந்திருக்கும் என்று தேடினோம். எந்த வழியும் பொருந்தவில்லை. தேற்றமே பொய்யோ என்று நான்கூடப் பயந்தேன், பாவா.

உங்கள் தெவசத்துக்குத் தூரத்து உறவில் ஒரு பொதட்டூர்பேட்டைப் பெரியம்மா வந்திருந்தார். என்னைப் பார்த்து, "இன்னாம்மா, போனவரு உனுக்கு மாமாவா, பாவாவா? மாத்தி மாத்தி சொல்லிகினு இருக்கிறியே?" என்றார்.

அக்காதான் பதில் சொன்னாள். "ஆங், ரெண்டுந்தாங்க. எங்கம்மாவுக்குத் தம்பி, எனுக்கு வூட்டுக்காரரு. ஒண்ணு வந்தா இன்னொண்ணு பூடுமா?"

கையில் வடையோடு அப்படியே நின்றுவிட்டேன். வழி ஒன்றுதான் என்று நமக்கு யார் சொன்னது? இரண்டு வழிகள் ஒரே சார்புக்குள் சேர்ந்து போனால்? போட்டுப் பார்த்தேன். அடங்காத எடுத்துக்காட்டு பெட்டிப் பாம்பாய் அடங்கியது. தாய்மாமனையே அக்காவுக்குக் கட்டிவைத்த வீட்டில் இருந்துகொண்டு இதைக் கோட்டை விட்டோமே! சத்தம் போட்டுச் சிரித்தேன். தெவச வீட்டில் சிரிக்கிறாளே என்று எல்லோரும் முறைத்தார்கள். நீங்கள் இருந்திருந்தால் என்னைவிடப் பெரிதாகச் சிரித்திருப்பீர்கள், இல்லையா?

அக்கா நன்றாக இருக்கிறாள். கட்டுரையில் உங்கள் பெயரைத் தடவித் தடவிப் பார்க்கிறாள். நீங்கள் இல்லாமல் ஜெயித்தது எனக்கு வலிக்கிறது, ஆனாலும் தலைகால் புரியாத சந்தோஷம்.

அடுத்த மாதம் அதே அரங்கில் நான் பேசுகிறேன். அந்தப் பேராசிரியரும் வருகிறாராம். கரும்பலகையில் முதலில் உங்கள் பெயர், அடுத்து உங்கள் தேற்றம். தொடர்ச்சி என்ற சொல்லை அதில் அவர் தேடிக்கொண்டே இருக்கட்டும். இது சத்தியம்.

என்றும் உங்கள் மச்சினி,
சுமதி
திருத்தணி