‘தஸ்தக்’ பத்திரிகைக்கு நான் ஆசிரியர் ஆனது

லாகூர், 1937 பிப்ரவரி 3

நேற்று வரை கட்சியின் உருது வார இதழ் ‘தஸ்தக்’கைக் கட்டுக்கட்டித் தபாலில் போட்டவன், இன்று முதல் அதன் ஆசிரியர். ஒரு வரிகூட எழுத வேண்டியதில்லை. எழுதுவது மிர்ஸா சாஹிப். அவருக்குக் குடும்பம் இருக்கிறது, நெஞ்சுச் சளி இருக்கிறது. அதனால் பத்திரிகையில் அவர் பெயர் மட்டும் இருக்காது. கேஸ் வந்தால் உள்ளே போவது என் வேலை. எனக்கு முன்பிருந்த இருவரும் இப்போது அங்கேதான். வேலை தரும்போது மிர்ஸா சாஹிப் கேட்ட ஒரே கேள்வி: “கல்லு உடைப்பியா, தம்பி?”

பிப்ரவரி 14

மாமா பத்திரிகையும் கையுமாகப் போய் எனக்குப் பெண் கேட்டார். பெண்ணின் அப்பா, குதிரைச் சேணம் விற்கும் கிஃபாயத்துல்லா, அச்சில் இருந்த என் பெயரைத் தடவிப் பார்த்தாராம். “எடிட்டருக்குக் குடுக்காம வேற யாருக்குக் குடுப்பேன்?” முஹர்ரம் கழிந்ததும் நிக்காஹ். பெண் நுஸ்ரத். எப்படிப்பட்ட எடிட்டர் என்று அவரும் கேட்கவில்லை, மாமாவும் சொல்லவில்லை.

பிப்ரவரி 27

கல்யாணம் வரை கவர்னரைக் கொஞ்சம் மெதுவாகத் திட்டும்படி மிர்ஸா சாஹிபிடம் கெஞ்சினேன். நான் கொண்டுபோன லட்டைத் தின்றபடி சொன்னார்: “உன் கல்யாணத்துக்காகப் புரட்சியத் தள்ளிப்போடச் சொல்றியா, மியான்?”

தலையங்கத்தையாவது முன்கூட்டிக் காட்டக் கூடாதா?

“அதெல்லாம் எடிட்டர் படிக்கிற வழக்கம் இல்ல.”

மார்ச் 6

இந்த வாரம் கவர்னரைக் கழுதை என்று எழுதியிருக்கிறார். அருமையான நடை. நாசமாப் போக.

மார்ச் 9

போலீஸ் வந்தது. மிர்ஸா சாஹிப் எழுந்து நின்று, மிகுந்த மரியாதையோடு என்னைக் காட்டினார்.

மார்ச் 23

ஜாமீனில் இருக்கிறேன். நாளை தீர்ப்பு. எழுதியவர் பெயரைச் சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று வக்கீல் சொல்லியிருந்தார். “நீதான் எழுதினியா?” என்றார் மாஜிஸ்திரேட், இன்று கோர்ட்டில். பின்வரிசையில் கிஃபாயத்துல்லா. இல்லை என்றால் நான் எடிட்டர் இல்லை. எடிட்டர் இல்லையென்றால் நுஸ்ரத் இல்லை. ஆமாம் என்றால் ஜெயில். என்ன பொழப்புடா இது?

“நான்தான் எழுதினேன்.”

“என் மாப்பிள்ளை,” என்றார் கிஃபாயத்துல்லா, பக்கத்து ஆளிடம். “ஒரு வரியாவது வாபஸ் வாங்கினாரா, பாத்தீங்களா?” வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, பொய் சொல்வானேன்.

ஏப்ரல் 18, சிறை

ஓராண்டு. நுஸ்ரத் காத்திருப்பாள் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். இதற்காகவே எத்தனை கல்லும் உடைக்கலாம் என்றிருந்தது.

இன்று ரொட்டியோடு இந்த வார இதழும் வந்தது. கவர்னர் இப்போது கோவேறு கழுதை. மிர்ஸா சாஹிபுக்குச் சளி குணமாகிவிட்டது போலிருக்கிறது. ஆசிரியர் பெயர் இருக்கும் இடத்தைப் பார்த்தேன். கிஃபாயத்துல்லா. மாப்பிள்ளை விட்டுப்போன நாற்காலி, வேறு யாரிடமும் போகக் கூடாதாம்.

பக்கத்துக் கொட்டடி காலியாக இருக்கிறதா என்று வார்டரிடம் கேட்டேன்.